பெட்டி நிறையப் புத்தகம், எதைத் திறப்பது?

வாசகர் கேள்வி பதில்: கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் ரீடிங் பகுதி

போன இதழில் கணக்குப் பகுதியைப் பற்றி எழுதியதும், "ரீடிங்கை மட்டும் விட்டுவிட்டீர்களே" என்று கடிதங்கள் வரிசை கட்டிவிட்டன. அத்தனைக்கும் பதில் போட இடமில்லை. ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகன் பதினொன்றாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. அமெரிக்கக் கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. எழுதப் போகிறான். நியூ ஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார், தன் பெண் படித்த புத்தகங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சிலது 2013, சிலது 2018, ஒன்று 2021. எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. இதில் எது உதவும்? ரீடிங்கில்தான் அவனுக்கு மதிப்பெண் குறைகிறது.
— ஒரு அம்மா, அண்ணா நகர், சென்னை

அட்டை புதுசாக இருக்கலாம், உள்ளே இருக்கிற தேர்வு இப்போது நடப்பதில்லையே அம்மா. எஸ்.ஏ.டி. 1926-லிருந்து நடக்கிறது, ஆனால் அடிக்கடி உடுப்பை மாற்றிக்கொண்டே இருக்கும். எதிர்ச்சொல் கேள்விகளை 1994-ல் எடுத்தார்கள். 'இதற்கு இது என்றால் அதற்கு எது' என்கிற ஒப்புமைக் கேள்விகள் 2005-ல் போயின. 2016-ல் மொத்தமாகக் கலைத்துப் போட்டு, 2400 மதிப்பெண்ணை 1600-க்குக் கொண்டுவந்தார்கள். கடைசி பெரிய மாற்றம் கணினிக்குப் போனது. இந்தியா உட்பட அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சில், அமெரிக்காவில் 2024 மார்ச்சில்.

ஆக, 2013 புத்தகம் 2400 காலத்தது. அதில் தவறான விடைக்கு மதிப்பெண் வெட்டு உண்டு, இப்போது கிடையாது. அதைப் படித்துப் பழகுகிற பிள்ளை, தெரியாத கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு வருவான். இன்றைய தேர்வில் காலியாக விடுவது சும்மா கிடைக்கிற வாய்ப்பை வேண்டாம் என்று சொல்வது. அதைப் பழைய பேப்பர்காரரிடம் தாராளமாகக் கொடுங்கள்.

2018, 2021 புத்தகங்கள் விஷயம் வேறு. அந்தக் காலத்து ரீடிங்கில் ஐந்து பெரிய பகுதிகள், ஒவ்வொன்றும் 500 முதல் 750 சொற்கள், மொத்தம் 52 கேள்விகள், 65 நிமிடம். இன்றைக்கு அப்படி இல்லை. ரீடிங்கும் எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்து 54 கேள்விகள், 27, 27 ஆக இரண்டு பாகம், ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். ஒரு பேசேஜ் 25 சொல்லிலிருந்து 150 சொல் வரைதான், அதற்கு ஒரே ஒரு கேள்வி, அடுத்தது வேறு பேசேஜ். ஒரு நிமிடம் பத்து வினாடியில் வானியலிலிருந்து கவிதைக்குத் தாவ வேண்டும், அங்கிருந்து எறும்புக்கு. கவிதையே 2016 வடிவத்தில் கிடையாது, இப்போது உண்டு. பழைய புத்தகத்தில் எவ்வளவு கரைந்தாலும் இந்தத் தாவல் பழகாது.

அதற்காக 2018 புத்தகம் வீண் என்று சொல்ல மாட்டேன். அது காலேஜ் போர்டு தானே வெளியிட்டதா, வேறு பதிப்பகம் எழுதியதா என்று அட்டையில் பாருங்கள். காலேஜ் போர்டுதான் தேர்வை நடத்துகிறது. அவர்களுடைய பழைய வினாக்கள் என்றால், நீளமான பேசேஜ் படித்துப் பழகுவதற்கு வாரம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பாக பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைப் பகுதிகளும் பழைய அரசியல் உரைகளும். அந்த மாதிரி வளைந்து வளைந்து போகிற ஆங்கில வாக்கியம் இன்றைய தேர்விலும் வருகிறது, குட்டியாக வருகிறது, அவ்வளவுதான். வேறு பதிப்பகம் எழுதியது என்றால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

சரி, பெட்டிக்கு வெளியே எது? காசே செலவழிக்க வேண்டாம். காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் முழுநீள மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. உண்மைத் தேர்வும் அதே செயலியில்தான் நடக்கிறது, அதனால் திரையில் கோடு போடுவது, வேண்டாத விடையை அடித்துவிடுவது, கடிகாரத்தை மறைத்து வைப்பது எல்லாமே அங்கேயே பழகிவிடும். மடிக்கணினியோ ஐபேடோ வேண்டும், செல்போனில் ஓடாது. 2025 தொடக்கத்தில் பழைய மாதிரித் தேர்வுகள் சிலவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் சேர்த்தார்கள், அதனால் யாரோ அனுப்பிய பழைய பட்டியலை நம்பாமல் செயலியைத் திறந்தே பாருங்கள்.

இரண்டாவது, அதே காலேஜ் போர்டின் வினா வங்கி. பாடவகை, திறன், கடினம் என்று பிரித்துத் தேடி எடுக்கலாம். அதில் ஒரு சின்ன வசதியைப் பலர் கவனிப்பதில்லை: புளூபுக் மாதிரித் தேர்வில் இருக்கிற கேள்விகளை நீக்கிவிட்டுக் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழுத் தேர்வு எழுதுகிற அன்றைக்குப் பாதிக் கேள்வி ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும், மதிப்பெண் எகிறும், வீட்டில் பாயசம் வைப்பீர்கள், நிஜத் தேர்வில் பழைய மதிப்பெண்ணே வரும்.

மூன்றாவது கான் அகாடமி. 2015-லிருந்து காலேஜ் போர்டுடன் சேர்ந்து இலவசமாகத் தருகிறார்கள். பாடம் விளங்காத இடத்தில் விளக்கம் பார்க்க நல்லது. இந்த மூன்றையும் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றால் புளூபுக்கிலேயே பி.எஸ்.ஏ.டி. மாதிரித் தேர்வுகள் உண்டு. தம்பித் தேர்வுதான், ஆனால் கேள்வி எழுதுகிற கை அதே கை.

கேள்வி: அக்கா, புளூபுக்கில் இருந்த எல்லாத் தேர்வையும் முடித்துவிட்டேன். டெலிகிராமில் கிடைத்த பி.டி.எஃப்.களையும் போட்டுப் பார்த்துவிட்டேன். ரீடிங்-ரைட்டிங் 620-லேயே நிற்கிறது. இன்னும் கடினமான மெட்டீரியல் ஏதாவது சொல்லுங்கள்.
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், கோயம்புத்தூர்

தம்பி, உனக்கு மெட்டீரியல் பற்றாக்குறை இல்லை. கையில் இருக்கிறதை நீ இன்னும் படிக்கவில்லை, போட்டுத் தள்ளியிருக்கிறாய். விடைத்தாளைப் பார்த்து "அட, ஆமாம், பி தான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பாய். அந்த "அட, ஆமாம்" தான் 620.

ஒரு கேள்வி சும்மா நானே செய்து காட்டுகிறேன். எஸ்.ஏ.டி.யில் 'கீழே உள்ளதில் எது இந்தப் பத்தியைத் தர்க்கப்படி முடிக்கும்' என்று கேட்பார்களே, அந்த வகை. இது கற்பனைப் பத்தி, ஆராய்ச்சி எதுவும் இல்லை.

"ஒரு மாவட்டத்தில் சில ஏரிகளில் வண்டல் அள்ளி ஆழப்படுத்தினார்கள். அடுத்த மழைக்குப் பிறகு அந்த ஏரிகளை ஒட்டிய கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் வண்டல் அள்ளாத ஏரிகளை ஒட்டிய கிணறுகளிலும் கிட்டத்தட்ட அதே அளவு உயர்ந்திருந்தது. ஆகவே ஆய்வாளர்கள் ______."

ஏ) வண்டல் அள்ளுவதால் நிலத்தடி நீருக்கு எந்தப் பயனும் இல்லை என்று நிறுவினார்கள்.
பி) நீர்மட்டம் உயர்ந்ததற்கு வண்டல் அள்ளியதே காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்றார்கள்.
சி) ஏரிகளைப் பராமரிப்பது விவசாயத்துக்கு அவசியம் என்றார்கள்.
டி) வண்டல் அள்ளாத ஏரிகளை ஒட்டித்தான் நீர்மட்டம் அதிகம் உயர்ந்தது என்று கண்டார்கள்.

விடை பி. அது பெரிய விஷயமில்லை, உனக்கே தெரிந்திருக்கும். மற்ற மூன்றையும் பார். ஏ போகிற திசை சரி, ஆனால் அளவுக்கு மீறிப் போகிறது. ஒரு மழையை வைத்து 'எந்தப் பயனும் இல்லை' என்று யாரும் நிறுவ முடியாது. சி உலகத்தில் உண்மை, உன் தாத்தாவும் அதைத்தான் சொல்வார், ஆனால் இந்தப் பத்தியில் அது இல்லை. டி அவசரத்தில் படித்தவனுக்காக வைத்தது, 'கிட்டத்தட்ட அதே அளவு' என்கிற சொற்கள் கண்ணில் படாமல் போனவன் அதில் விழுவான். மூன்றும் மூன்று விதமான வாசகர்களுக்காக வைத்த பொறி. தேர்வு எழுதுகிறவர் அதைத் தெரிந்தேதான் வைக்கிறார், அதற்கு நேரம் செலவழிக்கிறார். ரீடிங் கேள்வியில் உழைப்பெல்லாம் தவறான விடைகளில்தான் இருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஏற்கெனவே எழுதிய தேர்வுகளில் தவறாகப் போட்டதை எல்லாம் எடு. விளக்கத்தைப் பார்க்காமல், கடிகாரம் இல்லாமல், மறுபடி போடு. இரண்டாவது முறை சரியாக வந்தால் உன் சிக்கல் அவசரம். அப்போதும் தவறு என்றால் சிக்கல் வாசிப்பில். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அப்புறம் ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே ஏன் தவறு என்று ஒரு வரி எழுது, உன் வார்த்தையில், தமிழில் எழுதினாலும் சரி: 'மிகை', 'பத்தியில் இல்லை', 'பாதி சரி பாதி தப்பு', 'தலைகீழ்'. ஒரு நோட்டில் நாற்பது ஐம்பது சேர்ந்ததும் நீ எந்தப் பொறியில் திரும்பத் திரும்ப விழுகிறாய் என்று உனக்கே தெரியும். நன்றாகப் படிக்கிற, பொது அறிவு உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் சி மாதிரியில் விழுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வெளியே தெரிந்தது அதிகம். சரியாகப் போட்ட கேள்விகளிலும் குத்துமதிப்பாகப் போட்டதை இதே நோட்டில் சேர். அது அதிர்ஷ்டம், மதிப்பெண் இல்லை.

இன்னொன்று. முதல் பாகத்தை எப்படி எழுதுகிறாய் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது பாகம் கடினமாகவோ எளிதாகவோ வருகிறது. எளிதான பாகம் வந்தால் எல்லாவற்றையும் சரியாகப் போட்டாலும் உச்சத்துக்குப் போக முடியாது. உன் பி.டி.எஃப். இந்த வேலையைச் செய்யாது. காலேஜ் போர்டே தருகிற தாள் வடிவ மாதிரிகள்கூட அப்படித்தான், அவை சிறப்பு அனுமதியோடு தாளில் எழுதுகிறவர்களுக்கானவை, கேள்வி எண்ணிக்கையே வேறு. அதில் பயிற்சி செய், மதிப்பெண் கணக்குப் போடாதே.

டெலிகிராமில் 'போன மாதத்து நிஜக் கேள்வி' என்று காசுக்கு விற்கிறார்களே, அந்தப் பக்கம் போகாதே. பாதி போலி. மீதி நிஜமாக இருந்தால் மதிப்பெண்ணையே ரத்து செய்யும் அளவுக்குப் போகும், விண்ணப்பம் போடுகிற வருடத்தில் அந்த வம்பு உனக்கு எதற்கு?

கேள்வி: நான் கிளாட் எழுதப் போகிறேன், திருச்சியிலேயே இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் ஆசை. தினமும் இந்து தலையங்கம் படி, அது போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போதுமா? சீனியர் அண்ணா ஒருவர் 2010-லிருந்து எல்லா வருட வினாத்தாளும் கொடுத்திருக்கிறார்.
— மாணவி, ஸ்ரீரங்கம்

தலையங்கம் படி என்பது நம் ஊரில் எந்தத் தேர்வுக்கும் சொல்கிற கஷாயம். கெடுதல் இல்லை. கிளாட்டுக்கு மற்ற தேர்வுகளைவிடப் பொருந்தவும் செய்யும், ஏனென்றால் அங்கே பேசேஜ் 450 சொல் அளவில், வாதம் செய்கிற நடையில் வரும். ஆனால் தலையங்கம் படிக்கிறபோது யாரும் உங்களிடம் கேள்வி கேட்பதில்லை. படித்து முடித்ததும் பேப்பரை மூடிவிட்டு, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், அதற்கு என்ன ஆதாரம் தருகிறார், எதிர்த்தரப்பு என்று எதைச் சொல்லி எப்படி மறுக்கிறார் என்று மூன்று வரி எழுதுங்கள். அப்படிச் செய்தால் அது பயிற்சி. இல்லையென்றால் காபியோடு பேப்பர்.

தலையங்கத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். ஆங்கிலப் பகுதியில் கதையும் வரலாம் என்று கிளாட் நடத்தும் கூட்டமைப்பே சொல்கிறது. கட்டுரை மட்டுமே படித்துப் பழகியவர்கள், ஒரு பாத்திரம் கோபமாக இருக்கிறதா கேலி செய்கிறதா என்று கேட்டால் திணறுகிறார்கள். நூலகத்தில் ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பு எதையாவது எடுத்து வாரம் இரண்டு கதை படியுங்கள்.

வினாத்தாள்களைப் பொறுத்தவரை, 2020 என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் 200 கேள்விகள், இலக்கணம், நேரடிப் பொது அறிவு என்று வேறு தேர்வு. 2020-லிருந்துதான் எல்லாப் பகுதியும் பேசேஜ் வழியாக வருகிறது, சட்டமும் நடப்புச் செய்தியும்கூட. முதலில் 150 கேள்விகள், 2024 தேர்வு முதல் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறுக்கு கால் மதிப்பெண் வெட்டு. ஆகவே 2020-க்குப் பிந்தைய தாள்கள் தங்கம், எண்ணிக்கையில் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். கடைசி இரண்டு வருடத் தாள்களைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களுக்கு மூடி வையுங்கள். கூட்டமைப்பு தன் தளத்தில் மாதிரித் தாள்களும் போட்டிருக்கிறது, ஆரம்பத்துக்கு அவை.

அண்ணா கொடுத்த 2010 தாள்கள்? சொல்வளத்துக்குப் புரட்டலாம். ரீடிங்குக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இவையும் தீர்ந்துபோனால் கேட் (CAT) தேர்வின் பழைய பேசேஜ்களை எடுக்கலாம். நீளம் ஒத்துப்போகும், ஆனால் விடைகள் அங்கே இன்னும் சிக்கலாக இருக்கும். அது எம்.பி.ஏ.வுக்குப் பட்டதாரிகள் எழுதுவது. அதில் மதிப்பெண் குறைந்தால் மனசு விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: பக்கத்து ஊரில் ஒரு கோச்சிங் சென்டரில் ரீடிங்குக்கு மட்டும் தனி மெட்டீரியல், 60 மாக் டெஸ்ட், 18,000 ரூபாய் என்கிறார்கள். மகளுக்கு வாங்கலாமா? எங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது, எப்படிச் சோதிப்பது?
— ஒரு அப்பா, பாளையங்கோட்டை

ஆங்கிலம் தெரியாமலேயே சோதிக்கலாம் ஐயா. காசு கட்டுவதற்கு முன் ஒரு மாக் டெஸ்டும் அதன் விளக்கப் பக்கங்களும் மாதிரிக்குக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே முடிந்தது, எழுந்து வந்துவிடுங்கள்.

தந்தால் மகளோடு உட்காருங்கள். ஐந்து கேள்வியை எடுத்து, சரியான விடைக்கு ஆதாரம் பேசேஜில் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத கேள்வி ஒன்றிரண்டு இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். நல்ல ரீடிங் கேள்வியில் விடை கருத்து வேறுபாட்டுக்கு இடம் தராது, எப்போதும் ஒரு வரியோ இரண்டு வரியோ அதைத் தாங்கும். வெளியார் எழுதுகிற மாக் டெஸ்ட்கள் சொதப்புவது இங்கேதான். கடினமாக்க வேண்டும் என்று புரியாத பேசேஜைப் போட்டுவிடுவார்கள், விடையைக் கேட்டால் இரண்டு பொருந்தும். அந்த மாதிரி அறுபது எழுதிய பிள்ளை, பேசேஜை விட்டுவிட்டு 'எழுதியவர் எதை நினைத்திருப்பார்' என்று ஊகிக்கப் பழகிவிடுகிறது. அதைத் திருத்துவது, ஒன்றுமே எழுதாத பிள்ளைக்குச் சொல்லித் தருவதைவிடக் கஷ்டம்.

விளக்கப் பக்கத்தில் சரியான விடைக்கு மட்டும் இரண்டு வரி இருக்கிறதா, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் யாரோ உழைத்திருக்கிறார்கள். கேள்வி எண்ணிக்கை, நேரம், மதிப்பெண் வெட்டு இந்த வருடத் தேர்வோடு ஒத்துப்போகிறதா என்பதையும் தேர்வு நடத்துகிறவர்களின் அறிவிப்பை வைத்து ஒப்பிடுங்கள். பழைய வடிவத்தை அட்டை மாற்றி விற்பது சகஜம்.

ஒரு விஷயம் காதில் போட்டு வைக்கிறேன். சில இடங்களில் முதல் மாக் டெஸ்ட் வேண்டுமென்றே கடினமாகவும், பின்னால் வருவது எளிதாகவும் இருக்கும். பிள்ளை முன்னேறுகிற மாதிரித் தெரியும், அடுத்த தவணை கட்டத் தோன்றும். அவர்களுடைய பத்தாவது டெஸ்டில் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், இடையில் ஒருமுறை அதிகாரபூர்வத் தாள் ஒன்றை வீட்டில் எழுத வைத்து அதில் எவ்வளவு என்று பாருங்கள்.

மற்றபடி அறுபது டெஸ்ட் யாருக்கும் தேவையில்லை. ஒரு டெஸ்ட் எழுதினால் அதை அலசுவதற்கு அதே அளவு நேரமாவது, இன்னும் கொஞ்சம் அதிகமாகவும், போகும். பள்ளிக்கூடமும் நடக்கும்போது வாரம் ஒன்றுக்கு மேல் எப்படி முடியும்? 18,000 ரூபாயில் வீட்டுக்கு ஓர் ஆங்கில நாளிதழ், மகளுக்கு நூலக உறுப்பினர் அட்டை, இணையக் கட்டணம் எல்லாம் போக மிச்சமும் இருக்கும். சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்றால் அது நியாயமான தேவை, அதற்கு மெட்டீரியலை விடுங்கள், நல்ல ஆங்கில ஆசிரியர் ஒருவரைத் தேடுங்கள்.

கேள்வி: நான் தமிழ்வழியில் பிளஸ் டூ. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர க்யூட் எழுத வேண்டும். ஆங்கில பேசேஜைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?
— மாணவி, மன்னார்குடி

முதலில் ஒரு நல்ல சேதி. க்யூட்டில் மொழித் தேர்வு 13 மொழிகளில் இருக்கிறது, தமிழும் அதில் ஒன்று. நீங்கள் சேர விரும்பும் படிப்புக்கு எந்த மொழித்தாள் கேட்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தின் தகுதிப் பட்டியலை இன்றைக்கே பாருங்கள். சிலவற்றுக்கு ஆங்கிலம் கட்டாயம், சிலவற்றுக்கு எந்த மொழியும் போதும். அதைப் பார்க்காமல் பயப்படுவதில் அர்த்தமில்லை.

ஆங்கிலம்தான் என்றாலும், க்யூட் பேசேஜ் நான் மேலே சொன்ன எஸ்.ஏ.டி., கிளாட் அளவுக்குப் போகாது. தகவல் பகுதி, கதை சொல்லும் பகுதி, இலக்கியப் பகுதி என்று மூன்று விதம், அதோடு சொற்கள், வாக்கியத்தை வரிசைப்படுத்துவது. 2025 முதல் 50 கேள்விகள், எல்லாமே கட்டாயம், ஒரு மணி நேரம். சரிக்கு ஐந்து, தவறுக்கு ஒன்று கழியும். 2022-ல் தொடங்கிய தேர்வு, எனவே பழைய தாள்கள் அதற்கு முன்னே கிடையாது, யாராவது விற்றால் அது வேறு ஏதோ. 2022 முதல் 2024 வரை 50-ல் 40 எழுதினால் போதும் என்று இருந்தது. கேள்விகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், நேரக் கணக்கை மட்டும் புதிதாக வையுங்கள்.

தொடங்குவது உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் உரைநடைப் பாடங்களிலிருந்து. சிரிக்க வேண்டாம். அந்தப் பாடத்தை நீங்கள் கோனார் உரை வைத்து மனப்பாடம் செய்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். ஒரு பத்தி படித்துவிட்டு அது என்ன சொன்னது என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். சொல்ல வருகிறது என்றால் புரிந்திருக்கிறது. தெரியாத சொல் வந்தவுடன் அகராதிக்கு ஓடாமல் பத்தியை முடித்துவிட்டு ஊகித்துப் பாருங்கள், அப்புறம் அகராதி. ஒரு மாதம் இப்படிப் போனபின் நாளிதழில் தலையங்கத்தைத் தொடாமல் ஞாயிறு இணைப்பில் வருகிற செய்திக் கட்டுரைகள், ஊர், சாப்பாடு, விளையாட்டு, எது பிடிக்குமோ அது. பழைய தாள்கள் அதற்குப் பிறகு, முதலில் கடிகாரம் இல்லாமல்.

கேள்வி: 3,000 சொற்கள் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்கிறேன், ஒரு நாளைக்கு 30. எஸ்.ஏ.டி.க்கு உதவுமா?
— மாணவன், மதுரை

கொஞ்சம் உதவும். 2016-லிருந்து 2023 வரை கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இப்போதைய வடிவத்தில் கோடிட்ட இடத்துக்கு மிகப் பொருத்தமான சொல் எது என்கிற கேள்வி திரும்ப வந்திருக்கிறது, நான்கு சொல்லில் இரண்டு தெரியாவிட்டால் தர்க்கம் வைத்து எவ்வளவு தூரம் போக முடியும்? ஆனால் 3,000 வேண்டாம், அதில் பாதி எந்த மனிதரும் எழுதாத சொற்கள். வினா வங்கியில் அந்த வகைக் கேள்வியை மட்டும் பிரித்தெடுத்து, விடையாகவும் தவறான விடையாகவும் வருகிற சொற்களைச் சேர்த்து உங்கள் சொந்தப் பட்டியல் போடுங்கள், அந்த வாக்கியத்தோடு.

கேள்வி: ஐ.இ.எல்.டி.எஸ். ரீடிங் புத்தகம் வீட்டில் இருக்கிறது. அதையே எஸ்.ஏ.டி.க்கும் வைத்துக்கொள்ளலாமா?
— ஈரோடு

வேண்டாம். அங்கே மூன்று நீளப் பகுதி, 40 கேள்விகள், ஒரு மணி நேரம், தகவல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற வேலை அதிகம். உங்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு வரும் என்று அளக்கிற தேர்வு அது. எஸ்.ஏ.டி. ஆங்கிலம் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே கேட்கிறது. எப்படியும் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டியிருந்தால் அப்போது அந்தப் புத்தகத்தைத் திறங்கள்.

கேள்வி: நாங்கள் டாலஸில் இருக்கிறோம். பையன் எஸ்.ஏ.டி. மாதிரியே கல்லூரியில் சேர எழுதுகிற இன்னொரு தேர்வான ஏ.சி.டி. எழுதுகிறான். அவன் பள்ளி நூலகத்தில் இருக்கும் 2023 அதிகாரபூர்வப் புத்தகம் போதுமா? அவனுக்கு ரீடிங்கில் நேரம் போதவே மாட்டேன் என்கிறது.
— ஒரு அப்பா, டெக்ஸஸ்

பேசேஜுக்கும் கேள்விக்கும் போதும், நேரத்துக்குப் போதாது. அந்தப் புத்தகத்தில் ரீடிங் 40 கேள்விகள், 35 நிமிடம். 2025-ல் ஏ.சி.டி. மாறிவிட்டது: ஏப்ரலில் கணினியில், செப்டம்பரில் தாளிலும். இப்போது 36 கேள்விகள், 40 நிமிடம். ஒரு கேள்விக்கு ஐம்பத்திச்சொச்சம் வினாடியாக இருந்தது ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. பையன் பழைய புத்தகத்தின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தேவையில்லாமல் ஓடுகிறானோ என்று முதலில் பாருங்கள். ஏ.சி.டி. நிறுவனம் புது வடிவத்துக்கான மாதிரித் தேர்வைத் தன் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, அதை ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். அதிலும் நேரம் போதவில்லை என்றால் எந்த பேசேஜில் நிற்கிறான் என்று எழுதி அனுப்புங்கள். கதையில் நின்றால் ஒரு பதில், அறிவியலில் நின்றால் வேறு பதில்.